தொடையோடு நின்றுவிட்ட ஸ்கேன்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். மாதக்கணக்கில் வைட்டமின் டி மாத்திரை சாப்பிட்டும் எலும்பு வலி தீராதவர்களின் வீட்டார் தெரிந்துகொள்ள வேண்டும் என்பதற்காக, என் அண்ணன் பட்ட பாட்டை எழுதுகிறேன்.

நாற்பத்தாறு வயதில் அவரால் மாடிப்படி ஏற முடியாமல் போயிற்று. எங்கும் விழாமலேயே விலா எலும்பிலும் தொடை எலும்பிலும் விரிசல் கண்டது. தேய்மானம், வாதம், கடைசியில் மனச்சோர்வு என்று நான்கு ஆண்டுகள் மருந்து மாறியதே தவிர, எலும்பை இறுக வைக்கும் சத்தான பாஸ்பேட் இரத்தத்தில் எவ்வளவு இருக்கிறது என்று யாரும் பார்க்கவில்லை. பெரியவர்களுக்கு டெசிலிட்டருக்கு 2.5 முதல் 4.5 மில்லிகிராம் வரை இருக்க வேண்டிய அது, பார்த்த அன்று 1.3தான் இருந்தது.

உடலில் எங்கோ ஒளிந்திருக்கும் ஒரு சிறு கட்டி எஃப்ஜிஎஃப்-23 என்ற ஹார்மோனை மிகுதியாகச் சுரக்க, அதனால் சிறுநீரகம் பாஸ்பேட்டை வெளியே தள்ளிவிட, எலும்பு இறுகாமல் மென்மையாகிப் போவதே அண்ணனுக்கு வந்த நோய்; கட்டியால் வரும் எலும்பு மென்மை நோய் (டியூமர் இன்டியூஸ்டு ஆஸ்டியோமலேசியா) என்பார்கள். ஒரு சிறுமியின் விலா எலும்பிலிருந்த கட்டியை அகற்றியதும் நோய் நீங்கியதைச் சுவிட்சர்லாந்து மருத்துவர் ஆண்ட்ரியா பிராடர் 1959-லேயே எழுதியிருக்கிறார். இன்று காலியம்-68 என்ற கதிரியக்கப் பொருள் சேர்த்த டோட்டாடேட் மருந்தை ஊசி வழியாகச் செலுத்தி, அது உடலில் சேரும் இடத்தைப் படமாக்கும் பெட்-சிடி ஸ்கேன் எடுத்தால், அது கட்டியின் செல்களில் சோமாடோஸ்டாடின் என்ற ஹார்மோனைப் பற்றிக்கொள்ளும் ஏற்பிகளில் போய் ஒட்டிக்கொண்டு இடத்தைக் காட்டிக்கொடுக்கும்.

ஆனால் அண்ணனுக்கு எடுத்த முதல் ஸ்கேனில் கட்டி எதுவும் இல்லை என்றே அறிக்கை வந்தது. புற்றுநோய்க்கு எடுக்கும் வழக்கப்படி மண்டையோட்டின் அடியில் தொடங்கி நடுத்தொடையோடு நிறுத்திவிட்டார்கள் என்பது, வேறொரு மருத்துவர் படங்களைப் புரட்டிப் பார்த்தபோதுதான் தெரிந்தது. உச்சி முதல் உள்ளங்கால் வரை மறுபடி எடுத்ததில், இடது குதிகாலின் அடியில் கொண்டைக்கடலை அளவில் ஒரு புள்ளி ஒளிர்ந்தது. கால் ஆணி என்று நினைத்து, அந்த இடத்தில் குழிவெட்டிய செருப்பைத்தான் அவர் ஆண்டுக்கணக்கில் போட்டு நடந்தார். மருத்துவர்களுக்கு முன்பே கட்டியைக் கண்டவர் எங்கள் தெருமுனையில் செருப்புத் தைப்பவர் என்றே சொல்ல வேண்டும். கட்டியை முழுதாக எடுத்த ஐந்தாம் நாள் பாஸ்பேட் சரியான அளவுக்கு வந்துவிட்டது.

காரணமின்றி எலும்பு விரிசல் காணும் எவருக்கும், செலவு குறைந்த பாஸ்பேட் பரிசோதனையை அரசு மருத்துவமனைகளில் கட்டாயமாக்க வேண்டும். இந்த நோய்க்கான ஸ்கேன் அறிக்கையில், உடலின் எந்தப் பகுதி முதல் எந்தப் பகுதி வரை படமெடுக்கப்பட்டது என்பதை முதல் வரியிலேயே நோயாளிக்குப் புரியும் தமிழில் அச்சிடவும் சுகாதாரத் துறை ஆவன செய்ய வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
திண்டுக்கல்.