எங்கள் ஊர் கிராம சபைக்கு: நூலகச் சாவி பற்றி ஒரு மடல்

வரும் ஆகஸ்ட் 15 அன்று கிராம சபையில் கூடப்போகும் பெரியவர்களே, தாய்மார்களே, பெங்களூரிலிருந்து லீவுக்கு வந்து ஓரமாக நின்று கேட்கப்போகும் தம்பிகளே,

வணக்கம். பென்னாகரம் பஸ் ஸ்டாண்டு பக்கம் பிரவுசிங் சென்டர் வைத்திருந்தவன் நான். 2003-ல் நாலு கம்ப்யூட்டரோடு ஆரம்பித்தேன். எல்லோர் செல்போனிலும் நெட் வந்த பிறகு மூடிவிட்டேன். கடை போனதில் வருத்தமில்லை. நம் ஊர் நூலகம் இரண்டு வருடமாகப் பூட்டிக் கிடப்பதுதான் மனசை அறுக்கிறது.

பிளஸ் டூ ரிசல்ட் வரும் காலையில் கடை வாசலில் ஒரே கூட்டமாக இருக்கும். ஒரு வருடம், தேர்வு எண்ணை உள்ளங்கையில் எழுதிக்கொண்டு வந்த பெண்ணுக்கு வியர்வையில் கடைசி இரண்டு எண் அழிந்துவிட்டது. அழுதுவிட்டாள். பின்னால் நின்ற, முன்பின் தெரியாத பையன், "உங்க முன்னாடி பெஞ்சுல யாரு எழுதினாங்க?" என்று கேட்டு, அந்தத் தோழியின் எண்ணை வைத்துத் தேடிக் கண்டுபிடித்துக் கொடுத்தான்.

இன்னொரு நாள் ஓர் அம்மா வந்தார். மகன் மஸ்கட்டில். அங்கே கூடத் தங்கியிருந்தவரின் லேப்டாப்பிலிருந்து பேசினான். என் கடைக் கம்ப்யூட்டரில் முகம் தெரிந்ததும், "நல்லா இருக்கேம்மா" என்றான். அந்த அம்மா நம்பவில்லை. "அடுப்பைக் காட்டு சாமி" என்றார். அவன் லேப்டாப்பைத் தூக்கிப்போய் அடுப்பையும் சோற்றுப் பானையையும் காட்டினான். அப்புறம்தான் பேச ஆரம்பித்தார். கடையில் இருந்த அத்தனை பேரும் அந்தப் பானையைப் பார்த்தோம்.

கம்ப்யூட்டரில் நாம் திறந்து பார்க்கிற இந்த வலை, அதாவது www என்கிற வேர்ல்டு வைட் வெப், பிறந்த கதையைச் சொல்கிறேன், நம் ஊர்க் கதை போலவே இருக்கும். ஜெனீவா பக்கத்தில் செர்ன் என்றொரு பெரிய ஆராய்ச்சிக் கூடம். பல நாட்டு ஆட்கள் வருவார்கள், இரண்டு வருடம் போல இருப்பார்கள், கிளம்பிவிடுவார்கள். அவர்களுக்குத் தெரிந்ததும் அவர்களோடே போய்விடும். இதற்கு வழி தேடித்தான் அங்கே வேலை பார்த்த டிம் பெர்னர்ஸ்-லீ, அவரவர் எழுதி வைத்ததை ஒன்றோடொன்று இணைத்து வைக்க 1989 மார்ச்சில் ஒரு திட்டம் எழுதிக் கொடுத்தார். 1990 முடிவதற்குள் செய்தும் காட்டினார். அவருடைய முதல் பிரவுசரில் படிக்கவும் முடியும், எழுதவும் முடியும். 1993 ஏப்ரல் 30 அன்று, இந்த வலைக்குக் காசு வேண்டாம், யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம் என்று செர்ன் எழுதியே கொடுத்துவிட்டது. நம் நாட்டில் பொதுமக்களுக்கு இணைய இணைப்பு வந்தது 1995-ல், இதே ஆகஸ்ட் 15-ல்.

நம் ஊரிலும் ஆள் நிற்பதில்லை. சென்ட்ரிங் வேலை, கம்பெனி வேலை என்று பெங்களூருக்கும் ஓசூருக்கும் திருப்பூருக்கும் போய்விடுகிறார்கள். ஏரிக்கு எந்த ஓடையில் தண்ணீர் வரும், சாமையை எந்தப் பட்டத்தில் விதைக்க வேண்டும் என்று என் தாத்தா சொன்னதில் பாதிகூட எனக்கு நினைவில்லை. மாடு மீட்கப் போய்ச் செத்தவனுக்கு நடுகல் நட்டு எழுதி வைத்த மாவட்டம் இது. நம் பெரியவர்கள் சொல்வதை எழுதி வைக்க ஓர் இடம் வேண்டாமா?

போன் இருக்கிறதே என்பீர்கள். போனில் எல்லாம் இருக்கிறது, பக்கத்தில் ஆள் இல்லை. போன வருடம் நம் தெருப் பாட்டி ஒருவர், யாரோ கேட்டான் என்று ஓடிபி எண்ணைச் சொல்லி, சேர்த்து வைத்த உதவித்தொகை மொத்தத்தையும் இழந்தார். பக்கத்தில் ஒரு பிள்ளை உட்கார்ந்திருந்தால் அந்தப் பணம் போயிருக்காது.

நூலக அறையைத் தினமும் சாயங்காலம் ஆறிலிருந்து எட்டு வரை திறந்து வையுங்கள். ஓடுகிற நிலையில் என்னிடம் இரண்டு கம்ப்யூட்டர் இருக்கிறது, கொடுத்துவிடுகிறேன். தினமும் வந்து உட்காரவும் தயார். கரண்ட் பில்லும் நெட் கட்டணமும் மட்டும் ஊராட்சி பார்த்துக்கொள்ளட்டும். நாற்காலி வேண்டாம், இரண்டு பேர் சேர்ந்து உட்காருகிற பெஞ்சாகப் போடுங்கள்.

சாவி யாரிடம் இருக்கிறது என்று அன்றைக்கே சபையில் கேட்டுச் சொல்லுங்கள். மறுநாள் காலையில் விளக்குமாறோடு வந்து நிற்கிறேன்.

இப்படிக்கு,
உங்கள் ஊர்க்காரன்