நம் தெரு வீட்டுக்காரர் சங்கம், நாவலப்பிட்டி: செயலாளரின் ஆண்டறிக்கை

தலைவருக்கும் அங்கத்தவர்களுக்கும் வணக்கம்.

இந்த ஆண்டு 6 கூட்டங்கள் நடந்தன. ஐந்தில் கூரையைப் பற்றிப் பேசினோம். ஒன்றில் கூரை ஒழுகியதால் பேசவே முடியவில்லை.

1874இல் நாவலப்பிட்டிக்கு ரயில் வந்த பிறகு எழுந்த தெரு நம்முடையது. பக்கத்துப் பக்கத்து வீடுகளுக்கு ஒரே சுவர். ஒருவர் உடைந்த ஓடுகளை அப்படியே விட்டால் நனைவது அடுத்த வீட்டு அரிசி மூட்டை. அதனால்தான் அவரவர் தனித்தனியாகப் பழுது பார்ப்பதை விட்டு, மேல் முனையிலிருந்து வரிசையாகச் செய்து வருகிறோம்.

தொல்பொருள் சட்டம் நம்மைக் காப்பாற்றாதா என்று பலர் கேட்டீர்கள். 1940ஆம் ஆண்டுச் சட்டப்படி, கண்டி இராச்சியம் போன 1815க்கு முந்திய கட்டடங்களைத்தான் பழஞ்சின்னமாக எடுப்பார்கள். பிந்தியவற்றைத் தனியாக அறிவிக்க வேண்டும். சரி, அதுவரை நம் கையே நமக்கு உதவி.

4 வீடுகளின் முன்சுவரில் பிற்காலத்தில் பூசிய சீமெந்தைக் கொத்தி எடுத்தோம். உள்ளே கல் நனைந்தே கிடந்தது. சீமெந்து ஈரத்தை வெளியே விடாது. அது வீட்டுக்குள் திரும்பி, சாமி படத்துக்குப் பின்னால் உப்பாகப் பூக்கும். சுண்ணாம்புச் சாந்து ஈரத்தை விடும், ஆனால் காற்றுப் பட்டு மெதுவாகத்தான் இறுகும். மழைக்கு முன் வேண்டாம் என்று மேசன் சொல்லியும், நான்தான் அவசரப்பட்டு வைகாசியில் பூச வைத்தேன். இரண்டாம் நாளே மழை பிடித்து, பூச்சு கான் வழியாக மகாவலிக்குப் போய்விட்டது. மாசியில் மறுபடி பூசியது இன்று வரை நிற்கிறது.

இறக்கிய ஓடுகளின் பின்புறம் மங்களூரில் பேசல் மிஷன் என்ற கிறிஸ்தவ மிஷனரிச் சங்கம் நடத்திய ஓட்டுத் தொழிற்சாலையின் முத்திரை இருந்தது. 1865இல் தொடங்கிய தொழிற்சாலை அது. உடையாதவற்றைக் கழுவித் தெருப்பக்கம் போட்டோம், பின்பக்கத்துக்குத் தகரம். அதில் சிலருக்கு மனவருத்தம். எனக்கும்தான். ஆனால் கையில் இருந்த காசு அவ்வளவே.

கடை வாசலை மூடும் இலக்கமிட்ட பலகைகளை யார் தினமும் அடுக்கி மினக்கெடுவது என்று ஒரு கடைக்காரர் இரும்பு ஷட்டர் போடப் பார்த்தார். நீண்ட வாக்குவாதம். அப்புறம் ஷட்டர் உள்ளே, பலகை வெளியே என்று முடிந்தது. பலகைகளை அவர் ஞாயிற்றுக்கிழமைதான் போடுகிறார் என்பதையும் பதிவு செய்கிறேன்.

கணக்கைப் பொருளாளர் வாசிப்பார்.

மிச்சம் இருப்பது கடைசி வீடு. பூட்டிக் கிடக்கிறது, கூரையில் அரசமரம் முளைத்திருக்கிறது. வேர் பொதுச்சுவருக்குள் இறங்கிவிட்டது. வீட்டுக்காரர் வெளிநாட்டில். சாவி யாரிடம் இருக்கிறது என்று தெரிந்தவர்கள் தேநீருக்குப் போகுமுன் என்னிடம் சொல்லுங்கள்.