வாசகர் வட்ட ஆண்டறிக்கை 2024–25: மனதுக்குப் பிடித்த படம், பாட்டு, புத்தகம்

தலைவர் ஐயா அவர்களுக்கும், நூலகர் அம்மாவுக்கும், கோபியிலிருந்தும் சுற்றுப்பட்டு ஊர்களிலிருந்தும் வந்திருக்கும் உறுப்பினர்கள் எல்லோருக்கும் வணக்கம்.

இது ஏப்ரல் 2024 முதல் மார்ச் 2025 வரைக்குமான அறிக்கை. மாதக் கூட்டங்கள் வழக்கம்போல் நூலக மாடியில் நடந்தன. மாரியம்மன் நோம்பி சமயத்தில் மட்டும் தேதியை மாற்றி வைத்தோம். புது உறுப்பினர்கள் சேர்ந்திருக்கிறார்கள். அவர்களில் கல்லூரிப் பிள்ளைகள் அதிகம் என்பதில் எனக்குத் தனி மகிழ்ச்சி. இதற்கு மேல் நிர்வாகச் செய்தி ஏதும் இல்லை. அதனால் அறிக்கையின் பெரும்பகுதியைப் பங்குனிக் கூட்டத்துக்கே ஒதுக்குகிறேன்.

அந்தக் கூட்டத்தில் ஆளுக்கொரு படம், ஒரு பாட்டு, ஒரு புத்தகம் சொல்ல வேண்டும், ஏன் பிடித்தது என்றும் சொல்ல வேண்டும் என்று ஏற்பாடு. இந்த ஆண்டு வெளிவந்ததாக இருக்க வேண்டியதில்லை. இந்த ஆண்டில் நம்மிடம் வந்து சேர்ந்ததாக இருந்தால் போதும். ஓட்டெடுப்பு வேண்டாம் என்று முன்பே முடிவு செய்துவிட்டோம்.

படங்களில் ‘மெய்யழகன்’ பெயரைத்தான் பலர் சொன்னார்கள். ஊரைவிட்டுப் போனவர் ஒரு கல்யாணத்துக்காகத் திரும்பி வருகிறார். தன்மேல் உயிரையே வைத்திருக்கும் சொந்தக்காரனின் பெயர் மட்டும் அவருக்கு நினைவுக்கு வரவில்லை. கதை நடப்பது தஞ்சாவூர்ப் பக்கம். ஆனாலும் “நம்மூர்க் கல்யாணத்துலயும் இதேதானுங்க, மாமான்னு வந்து கையப் புடிச்சுக்குவாங்க, யாருன்னு கேக்கவும் கூச்சமா இருக்கும்” என்று ஓர் அண்ணன் சொன்னபோது எல்லோரும் தலையாட்டினார்கள். படம் நீளம் என்று பேச்சு வந்து, வெளியான சில நாட்களில் சுமார் 18 நிமிடங்களைக் குறைத்தார்கள். எனக்கு அந்த நீளம்தான் பிடித்திருந்தது. இரண்டு பேர் விடிய விடியப் பேசுவதை வேறு எப்படிக் காட்ட முடியும்?

2024 ஆகஸ்ட் 23 அன்று ‘வாழை’, ‘கொட்டுக்காளி’ இரண்டும் ஒரே நாளில் வந்தன. வாழைத்தார் சுமக்கும் சிறுவனின் கதையைத் தடப்பள்ளி வாய்க்கால் பாசனத்தில் வாழை வெட்டுக்குப் போகும் நம் உறுப்பினர் ஒருவர் பேசினார். தாருக்கு ஒரு ரூபாய் கூலி கூட்டிக் கேட்கும் இடத்தைச் சொல்லும்போது அவர் குரல் கம்மியது. தோட்டக்காரர்களும் அதே கூட்டத்தில் இருந்தார்கள். கடைசிவரை ஒருவரும் குறுக்கே பேசவில்லை. நம் வட்டத்தில் இது நடந்ததை நான் பெருமையாகவே பதிவு செய்கிறேன்.

‘கொட்டுக்காளி’யில் பின்னணி இசையே கிடையாது. ஆட்டோ சத்தம், காற்று, சேவல், அவ்வளவுதான். வேறொருவனை விரும்பும் பெண்ணுக்குப் பேய் பிடித்திருப்பதாக நினைத்துக் குடும்பமே அவளைச் சாமியாடியிடம் கூட்டிப்போகிறது. முடிவைச் சொல்லாமல் விட்டுவிட்டார்களே என்று இளைஞர்களுக்குக் குறை. மூத்த அக்கா ஒருவர் அதை ஒப்புக்கொள்ளவில்லை. “அந்தப் புள்ள வாயத் தொறக்காம உக்காந்திருக்குதே, அதுலயே எல்லாம் சொல்லியாச்சுங்” என்றார். நான் அக்கா பக்கம்.

பாட்டு விஷயத்தில் நேரம் போதவில்லை. 2025 ஜனவரியில் ஜெயச்சந்திரன் மறைந்ததால் அவர் பாடல்களைச் சொன்னவர்கள் அதிகம். ‘ராசாத்தி உன்ன’ பாட்டைச் செல்பேசியில் போட்டுக் கேட்டோம். மார்ச் 8 அன்று லண்டனில் நடந்த இளையராஜாவின் சிம்பொனி பற்றிச் சந்தோஷமாகப் பேசினோம். இசையை முழுதாகக் கேட்ட பிறகு அதற்கென்றே ஒரு கூட்டம் வைக்க வேண்டும்.

அப்புறம் கும்மி. வள்ளி ஒயில் கும்மி ஆசான் பத்ரப்பன் அவர்களுக்கு 2024இல் பத்மஸ்ரீ அறிவிக்கப்பட்டது நம் கோவை வட்டாரத்துக்கே கிடைத்த மரியாதை. ஆண்கள் மட்டும் ஆடிவந்த ஆட்டத்தைப் பெண்களுக்கும் சொல்லிக்கொடுத்தவர் அவர். இந்த ஆண்டில் தனக்குப் பிடித்த இசை, கோயில் திடலில் நேரில் கேட்ட கும்மிப் பாட்டுத்தான் என்று சொன்ன தங்கச்சிக்குப் பெரிய கைதட்டு கிடைத்தது. வாத்தியார் நின்று பாட, அவர் வேகத்தைப் பார்த்துக் கால்கள் அடவு மாற்றும்போது வரும் அழகு, பதிவு செய்த பாட்டுக்கு ஆடும்போது வருவதில்லை என்றார். எனக்கும் அதே எண்ணம்தான்.

இனிப் புத்தகங்கள். தேவிபாரதியின் ‘நீர்வழிப் படூஉம்’ 2023ஆம் ஆண்டுக்கான சாகித்ய அகாதெமி விருது பெற்ற நாவல். நமக்கு இந்த ஆண்டில்தான் கைக்கு வந்தது. ஒரு சாவுக்குக் கூடும் குடிநாவிதக் குடும்பத்துச் சொந்தங்களின் கதை. நம் பேச்சும் நம் சடங்குகளும் அதில் அப்படியே இருக்கின்றன. ஊரில் எல்லோருக்கும் ஊழியம் செய்தவர்களின் வீட்டுக்குள் நாம் எட்டிக்கூடப் பார்த்ததில்லை என்று ஒருவர் சொன்னது அத்தனை பேருக்கும் உறைத்தது.

ஆனால் என்னைக் கேட்டால், இந்த ஆண்டின் புத்தகம் ஆர். சண்முகசுந்தரத்தின் ‘நாகம்மாள்’தான். 1942இல் வந்த நாவல். கணவனை இழந்த நாகம்மாள், கொழுந்தன் சின்னப்பனிடம் தன் பங்கு நிலத்தைக் கேட்கிறாள்; அது கொலையில் போய் முடிகிறது. சண்முகசுந்தரம் அவளை நல்லவள் என்றும் காட்டவில்லை, கெட்டவள் என்றும் காட்டவில்லை. அவள் பிடிவாதத்தை நேருக்கு நேர் பார்த்து எழுதியிருக்கிறார். கொங்குப் பேச்சு நாவலுக்குள் இவ்வளவு இயல்பாக வந்தது அவர் கையில்தான். ‘பாதேர் பாஞ்சாலி’ என்ற வங்க நாவலைத் தமிழில் தந்தவரும் அவரே என்பது நம்மில் பலருக்குப் புதுச் செய்தியாக இருந்தது.

அன்றைக்குப் பேச்சு புத்தகத்தோடு நிற்கவில்லை. மகள்களுக்கும் சம பங்கு என்று தமிழ்நாட்டில் 1989இலேயே சட்டம் திருத்தியாகிவிட்டது. அப்படியும் சொத்தில் பங்கு வேண்டாம் என்று விடுதலைப் பத்திரத்தில் கையெழுத்துப் போட்டுக்கொடுத்துவிட்டு வந்த பெண்கள் நம் கூட்டத்திலேயே இருந்தார்கள். “பங்கு கேட்டாப் பொறந்த வூட்டு வாசல் சாத்திக்கும்னுதானுங்க கேக்கல” என்றார் ஒருவர். இத்தனை வருடத்தில் ஒரு புத்தகம் நம்மை இப்படிப் பேசவைத்து நான் பார்த்ததில்லை. இந்த வட்டம் எதற்கு என்று யாராவது கேட்டால் அந்த மாலையைத்தான் சொல்வேன்.

வரும் ஆண்டுக்கு இரண்டு கோரிக்கைகள். ‘நாகம்மாள்’ கூடுதல் பிரதிகள் வாங்கத் தலைவர் ஒப்புதல் தர வேண்டும். எடுத்துப் போனவர்கள் படித்ததும் அடுத்தவருக்குக் கொடுத்துவிடுங்கள். இரண்டாவது, பொன்னர் சங்கர் கதையான அண்ணன்மார் கதையை உடுக்கை அடித்துப் பாடுபவரை அழைத்து, இரவு முழுக்க உட்கார்ந்து கேட்க வேண்டும். 1960களில் பிரெண்டா பெக் என்ற கனடா நாட்டு ஆய்வாளர் காங்கேயம் பக்கம் தங்கி அந்தக் கதையை முழுதாகப் பதிவு செய்தார். இங்கேயே பிறந்து வளர்ந்த நம் பிள்ளைகளும் அதை ஒரு தடவையாவது நேரில் கேட்க வேண்டும். பாடுபவர்களைத் தெரிந்தவர்கள் கூட்டம் முடிந்ததும் என்னிடம் சொல்லுங்கள்.

வரவு செலவை வாசிக்கப் பொருளாளரை அழைக்கிறேன்.