வாடகை ஏறும் புறநகரும் ஏறாத புறநகரும்

ஆசிரியர் அவர்களுக்கு,

கோவையில் சரவணம்பட்டியும் விளாங்குறிச்சியும் வாடகை எகிறி, லைன் வீடுகளில் (வரிசையாக ஒட்டிக் கட்டிய சிறு வீடுகள்) காலங்காலமாகக் குடியிருந்தோர் வெளியேறும் அளவுக்கு மாறிவிட்டன. கேரள எல்லைப் பக்கமுள்ள மதுக்கரையும் போத்தனூரும் அவ்வாறு மாறவில்லை. நிலம் இன்று ஈட்டும் வாடகைக்கும் ஈட்டக்கூடிய வாடகைக்கும் உள்ள இடைவெளியே முதலீட்டை இழுக்கிறது என்று புவியியலாளர் நீல் ஸ்மித் 1979இல் விளக்கினார். தகவல் தொழில்நுட்ப வளாகமான டைடல் பூங்கா விளாங்குறிச்சிப் பக்கம் அந்த இடைவெளியைப் பெருக்கியது. சிமென்ட் ஆலையும் சரக்கு லாரிகளும் உள்ள எங்கள் மதுக்கரை, போத்தனூர் பக்கம், ரயில் சந்திப்பு இருந்தும் அந்த இடைவெளி விரியவில்லை.

இதை நிம்மதி என்று எண்ணிவிடக் கூடாது. இங்கும் ஓட்டு வீட்டை இடித்து மாடி கட்டியதும் பத்து மாத வாடகையை அட்வான்ஸாகக் கேட்கிறார்கள். தமிழக அரசின் 2017ஆம் ஆண்டு வாடகைச் சட்டம் மூன்று மாத வாடகைக்கு மேல் கூடாது என்றாலும், ஒப்பந்தத்தில் வேறாக எழுதிக்கொள்ள இடம் தருகிறது. அந்த விதிவிலக்கை அரசு உடனே நீக்க வேண்டும்.

வாசகர், எட்டிமடை