பச்சை நோட்டை எடைக்குப் போடாதே

அன்புள்ள சுந்தரி,

உன் கடிதம் வந்து ஏழு மாதம் ஆகிறது. பதில் போடாதது என் தப்புதான், மன்னித்துவிடு. இங்கே எல்லாரும் நலம். அத்தைக்குக் கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்ததா? அதை மட்டும் உடனே எழுது.

போன சனிக்கிழமை புட்சர் ஹாலோவுக்குப் போய் வந்தேன். அமெரிக்காவில் கெண்டக்கி மாநிலத்தின் கிழக்குப் பகுதியில், நிலக்கரி மலைகளுக்குள் இருக்கிற ஊர். நான் இங்கே குடிவந்த புதிதில் கார் ரேடியோவில் ஒரு குரல் கேட்டு வண்டியை ஓரமாக நிறுத்தினேன் என்று எழுதியிருந்தேனே, அந்தப் பாடகி லொரெட்டா லின் பிறந்த வீடு அங்கேதான் இருக்கிறது. மலைச்சரிவில் ஒரு பலகை வீடு, அவ்வளவுதான். அப்பா சுரங்கத் தொழிலாளி. எட்டுப் பிள்ளைகளில் இவள் இரண்டாவது. அம்மா சுவரில் ஒட்டியிருந்த பத்திரிகைப் படங்களில் லொரெட்டா யங் என்ற நடிகையைப் பார்த்து அந்தப் பெயரையே மகளுக்கு வைத்தாளாம்.

15 வயசில் கல்யாணம். நாட்டின் மறுகோடியில் வாஷிங்டன் மாநிலத்துக்குக் குடித்தனம் போய், 20 வயசுக்குள் நாலு பிள்ளைகள். வீட்டில் அவள் பாடுவதைக் கேட்ட புருஷன் 17 டாலருக்கு ஒரு கிடார் வாங்கிக் கொடுத்தான். சொல்லிக்கொடுக்க ஆளில்லை, தானே பழகினாள். 1960-ல் முதல் இசைத்தட்டு. அதைத் தூக்கிக்கொண்டு இரண்டு பேரும் காரிலேயே ஊர் ஊராக, ஒவ்வொரு வானொலி நிலையமாக ஏறி இறங்கியிருக்கிறார்கள். அந்த இசைத்தட்டைக் கேட்க அவள் அப்பாவுக்குக் கொடுத்துவைக்கவில்லை, சுந்தரி. முந்தின வருடமே போய்விட்டார்.

அந்தப் புருஷனை என்ன செய்வது என்றுதான் எனக்குத் தெரியவில்லை. கிடார் வாங்கிக் கொடுத்தவனும் அவன்தான், குடித்துவிட்டு வீட்டுக்கு வந்தவனும் அவன்தான். குடித்துவிட்டு என்னிடம் வராதே என்று அவள் பாடிய பாட்டு 1967-ல் முதலிடத்துக்கு வந்தது. அவன் இல்லாவிட்டால் நான் பாடகியே இல்லை என்றும் அவளேதான் சொன்னாள். நீ என்ன சொல்வாய் என்று தெரியும். ஹாஸ்டல் மாடிப்படியில் மாலதி அக்கா விஷயத்தில் சொன்ன அதே தீர்ப்புதான். எனக்கு அவ்வளவு சுலபமாக முடியவில்லை, டி.

கருத்தடை மாத்திரையைப் பற்றிக்கூட 1975-ல் ஒரு பாட்டு வெளியிட்டாள். பல வானொலி நிலையங்கள் அதைப் போடவே மாட்டோம் என்றன. பிள்ளை பெற்றுப் பெற்று அலுத்துப்போன ஒருத்தி அதை வாய்விட்டுப் பாடினால் என்ன குற்றம்? இன்றைக்கும் எனக்குக் கோபம் வருகிறது.

சரி, சொல்ல வந்தது இதுதான். 1970-ல் வந்த ‘கோல் மைனர்ஸ் டாட்டர்’ (நிலக்கரிச் சுரங்கத் தொழிலாளியின் மகள்) என்ற பாட்டு அவள் தன் வீட்டைப் பற்றியே எழுதியது. துணி துவைத்து அம்மாவின் விரலில் ரத்தம் கசிந்தது வரைக்கும் அதில் இருக்கிறது. பாட்டு ரொம்ப நீளம் என்று தயாரிப்பாளர் ஓவன் பிராட்லி சொன்னதால் சில சரணங்களை வெட்டினார்கள். அந்த வீட்டு வாசலில் நின்றபோது எனக்கு அந்தச் சரணங்களின் நினைப்பாகவே இருந்தது. அம்மாவைப் பற்றி இன்னும் என்னவெல்லாம் எழுதியிருந்தாளோ!

உடனே உன் கடிதத்தின் கடைசி வரி ஞாபகம் வந்தது. வீடு மாறுவதால் பழைய நோட்டையெல்லாம் பேப்பர்காரரிடம் எடைக்குப் போடப்போவதாக எழுதியிருந்தாய். ஏழு மாதம் அதைப் படித்தும் படிக்காத மாதிரி இருந்திருக்கிறேன். பச்சை நோட்டையும் போட்டுவிட்டாயா? உன் அம்மா முறத்தை மடியில் வைத்துக்கொண்டு பீடி சுற்றுகிற பாட்டு அதில்தானே இருக்கிறது? திரும்பி வரும்போது காரில் அதைப் பாடிப் பார்த்தேன். மூன்று வரி வந்தது. இலையை வெட்டிவிட்டு அம்மா விளக்கைத் தூண்டுவாளே, அதற்கு அடுத்த வரி எவ்வளவு யோசித்தும் வரவில்லை.

நோட்டு இருந்தாலும் இல்லாவிட்டாலும் அந்த நாலாவது வரியை எழுதி அனுப்பு.

உன்,
விஜி