நாணல் படுகைக்குள் பொக்லைன்: கண்மாயைப் பராமரிக்கும் அதிகாரிகளுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய ஐயா, அம்மையீர்,

வணக்கம். மதுரைக்குக் கிழக்கே எங்கள் கண்மாயின் வரத்துக் கால்வாய் ஓரத்தில் போன வாரம் நடந்தது உங்களுக்குத் தெரியும். 'ஆகாயத்தாமரை மற்றும் களைகள் அகற்றும் பணி' என்று போர்டு வைத்து வந்த பொக்லைன், தண்ணீரில் மிதந்ததை வாரி முடித்த கையோடு பக்கத்திலிருந்த நாணல் படுகைக்குள்ளும் இறங்கியது. இரண்டு மணி நேர வேலை. நாணலும் சம்பும் கல்வாழையும் வேரோடு கரையேறிக் குவிந்துவிட்டன. சதுர மீட்டர் கணக்கில் எம் புக் என்கிற அளவுப் பதிவேட்டில் அளவும் ஏறியிருக்கும்.

ஆகாயத்தாமரையை எடுத்ததற்கு நன்றி. தென் அமெரிக்காவிலிருந்து வந்து நம் நீர்நிலைகளை மூடிய களை அது. அது போனதற்கு இங்கே யாருக்கும் வருத்தமில்லை. ஆனால் பக்கத்தில் பிடுங்கியது 60 வீட்டுக் கழிவுநீரை மின்சாரம் இல்லாமல் சுத்தம் செய்துகொண்டிருந்த ஒரு கட்டுமானம். மூன்று ஆண்டுகளுக்கு முன் அதற்கு இடம் ஒதுக்கிக் கையெழுத்துப் போட்டதும் உங்கள் அலுவலகம்தான். கையெழுத்துப் போட்டவர் மாறுதலாகிப் போயிருக்கலாம். ஃபைல் எங்கேயும் போயிருக்காது.

நாங்கள் கேட்பது இதுதான். இந்தப் படுகையை உங்கள் சொத்துப் பதிவேட்டில் கட்டுமானம் என்று ஏற்றுங்கள். இனி எந்த இயந்திரமும் அதற்குள் இறங்கக் கூடாது என்று எழுத்தில் தாருங்கள். மிச்சமெல்லாம் இதன் விளக்கம்தான்.

நீங்கள் அறிந்ததைத்தான் எழுதுகிறோம். அடுத்த முறை வண்டி ஓட்ட வருகிற தம்பியிடம் படித்துக் காட்ட உதவுமே என்றுதான். 60 வீடு, சுமார் 250 பேர், ஆளுக்கு 100 லிட்டர் என்றால் நாளைக்கு 25,000 லிட்டர் கழிவுநீர். முதலில் தடுப்புச் சுவர் வைத்த வண்டல் தொட்டியில் கசடு கீழே தங்கும். தெளிந்தது படுகைக்கு வரும். படுகைக்குள் அது மூன்று நாளாவது இருக்க வேண்டும். ஆக 75 கன மீட்டர் தண்ணீருக்கு இடம் வேண்டும். ஜல்லிக்கு நடுவே தண்ணீர் நிற்கக் கிடைக்கும் வெற்றிடம் நூற்றுக்கு 40தான். அதனால் 187 கன மீட்டர் ஜல்லி, இரண்டடி ஆழம், 12க்கு 26 மீட்டர் பரப்பு. ஏழே முக்கால் சென்ட் நிலம். அடியில் தண்ணீர் இறங்காத பாண்ட் லைனர் விரிப்பை விரித்து, நூற்றுக்கு ஒன்று என்று வாட்டம் கொடுத்து, உள்வாயிலும் வெளிவாயிலும் ஒன்றரை அங்குல ஜல்லி, நடுவில் முழுக்க அரை அங்குல ஜல்லி. கிரஷர் தூசி துளியும் இல்லாமல் கழுவிக் கொட்டிய ஜல்லி. சதுர மீட்டருக்கு நாலு வீதம் சுமார் 1,250 செடித் தூர்.

இதில் செடி என்ன செய்கிறது? நாணலின் தண்டு உள்ளே குழல். அந்தக் குழல் வழியே காற்று வேர்க்கிழங்குக்கு இறங்கி, வேர் நுனியில் கொஞ்சம் ஆக்சிஜனாகக் கசியும். அந்த மெல்லிய வளையத்தில் குடியிருக்கும் பாக்டீரியா அம்மோனியாவை நைட்ரேட் ஆக்கும். சில மில்லிமீட்டர் தள்ளி, ஆக்சிஜன் எட்டாத இடத்தில் இருக்கிற வேறு பாக்டீரியா அந்த நைட்ரேட்டை வாயுவாக்கிக் காற்றில் விட்டுவிடும். ஜல்லி ஒவ்வொன்றின் மேலும் வழுவழுவென்று ஒரு படலம் இருக்குமே, தொட்டால் முகம் சுளிப்போமே, கூலி வாங்காமல் வேலை பார்த்தது அதுதான். நாணல் அதற்கு வீடும் மூச்சும் கொடுத்தது. ஒழுங்காகப் பார்த்துக்கொண்டால் பி.ஓ.டி., அதாவது அழுக்கு மட்க இழுக்கும் ஆக்சிஜனின் அளவு, 80 சதவீதத்துக்கு மேல் குறையும். குடிக்க ஆகாது, மரத்துக்குப் பாய்ச்சலாம், கண்மாயில் விட்டால் கண்மாய் நாறாது.

இனி, அந்த இரண்டு மணி நேரம் என்ன செய்தது என்று பார்ப்போம்.

20 டன் எடையுள்ள வண்டி ஜல்லி மேல் ஏறியதில் ஜல்லி இறுகி, வெற்றிடம் போய்விட்டது. வாளியின் பல் பட்டு லைனர் பல இடத்தில் கிழிந்திருக்கிறது. கழிவுநீர் இப்போது மண்ணுக்குள் இறங்குகிறது, சுற்றுவட்டாரக் கிணறும் போர்வெல்லும் அதே மண்ணில்தான் இருக்கின்றன. கரைமண் சரிந்து ஜல்லிக்குள் கலந்துவிட்டது. அறுந்த வேர்கள் உள்ளேயே அழுகி, மிச்சமிருந்த ஆக்சிஜனையும் தின்று, அழுகிய முட்டை வாடை விடுகின்றன. 187 கன மீட்டர் என்றால், யூனிட்டுக்கு நூறு கன அடி வீதம், 66 யூனிட் ஜல்லி. மூன்று யூனிட் டிப்பரில் 22 நடை. அத்தனையையும் அள்ளி, சலித்து, கழுவித் திரும்பப் போட வேண்டும். அகற்றும் பணிக்கு ரேட் இருந்தது. இதற்கு உங்கள் ரேட் புத்தகத்தில் எந்தப் பக்கம்?

இதையும்விட மனதை அறுப்பது ஒன்று உண்டு. பொக்லைனை வரச் சொன்னதற்கு நீங்கள் சொன்ன காரணம் கொசுப் புகார். நல்ல நாணல் படுகையில் தண்ணீர் ஜல்லியின் மேல்மட்டத்துக்கு இரண்டு மூன்று அங்குலம் கீழேயே ஓடும். கொசு முட்டையிட வெளியில் தண்ணீர் தெரிய வேண்டுமே? தெரிவது ஜல்லிதான். எங்காவது தண்ணீர் மேலே எட்டிப் பார்த்தால் உள்வாய் அடைத்திருக்கிறது என்று அர்த்தம். வண்டல் தொட்டியில் கசடு எடுக்காமல் விட்டதால் வரும் அடைப்பு அது. வெளிவாய் எல்போவை, அதாவது வளைவுக் குழாயை, கொஞ்சம் சாய்த்தால் நீர்மட்டம் இறங்கிவிடும். பிறகு உள்வாய்ப் பக்கம் முதல் அரை மீட்டர் ஜல்லியை மட்டும் எடுத்துக் கழுவினால் தீர்ந்தது. இரண்டு ஆள், ஒரு நாள். புகார் வந்த அன்று நடந்திருக்க வேண்டியது இவ்வளவுதான். தொட்டியில் கசடு எடுக்கக் கேட்டுக் கொடுத்த மனு இரண்டும் உங்கள் மேஜையில்தான் இருக்கின்றன.

இப்போது போய்ப் பாருங்கள். பொக்லைன் தோண்டிய குழிகளில் கழிவுநீர் வெயிலில் பச்சை பிடித்து நிற்கிறது. சாக்கடைத் தண்ணீரையே தேடி முட்டையிடும் கியூலெக்ஸ் கொசுவுக்கு இந்த வெக்கையில் முட்டை கொசுவாக ஒரு வாரம், பத்து நாள் போதும். கொசுவே இல்லாத இடத்தில் கொசுவை ஒழிக்கப் போய், அதற்கு ஒரு பிரசவ ஆஸ்பத்திரி கட்டிக் கொடுத்திருக்கிறீர்கள். அடுத்த வாரம் புகை அடிக்க ஒரு வண்டி வரும். அதற்கும் ஒரு பில் இருக்கும்.

கண்மாயின் கதை இதைவிட மோசம். சுத்தமாகாத அம்மோனியா நேராக உள்ளே போகிறது. பாசி பெருகுகிறது, பகலில் ஆக்சிஜன் விடுகிற பாசி, இரவில் அதை இழுத்துக்கொள்ளும். அதனால் விடியற்காலை நாலு மணிக்குத் தண்ணீரில் ஆக்சிஜன் அடிமட்டத்தில் இருக்கும். மீன்கள் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடும். மீன்பாசிக் குத்தகை எடுத்தவர் டார்ச் அடித்துக்கொண்டு கரையில் நிற்கிற நேரம் அது. களை எடுத்ததற்கு அளவெடுக்க வந்தவர் பகல் 11 மணிக்கு வந்ததால் இதைப் பார்த்திருக்க வாய்ப்பில்லை.

'இதெல்லாம் சோதனை முயற்சிதானே' என்று உங்கள் தரப்பில் ஒருவர் சொன்னதாகக் கேள்வி. ஜெர்மனியில் கேத்தே சைடல் என்ற தாவரவியலாளர் கோரை இனச் செடிகளை வைத்துக் கழிவுநீரைச் சுத்தம் செய்து பார்த்தது 1950களில். கொல்கத்தாவின் கிழக்கே நகரத்துக் கழிவுநீரை வாங்கி மீன் வளர்க்கிற 12,500 ஹெக்டேர் சதுப்பு நிலம் 2002இலேயே ராம்சர் என்ற உலக ஈரநிலப் பட்டியலில் ஏறிவிட்டது. கரை அரிக்காமல் பனையும் ஓரத்தில் நாணலும் நிற்கவிட்ட நம் கண்மாய்க்காரர்களும் உயிருள்ள செடியை வைத்துக் கட்டத் தெரிந்தவர்கள்தான். அவர்களிடம் எஸ்டிமேட் மட்டும் இல்லை.

மதுரை முழுமைக்கும் இதுவே மருந்து என்று நாங்கள் சொல்லவில்லை. 2011 கணக்கெடுப்புப்படி மாநகராட்சி எல்லையில் 10 லட்சம் பேருக்கு மேல். தலைக்கு ஒன்றேகால் சதுர மீட்டர் என்றால் 125 ஹெக்டேருக்கு மேல் படுகை வேண்டும். அவ்வளவு நிலம் எங்கே? பெரிய நகரத்துக்குப் பெரிய நிலையம் வேண்டும்தான். ஆனால் பாதாளச் சாக்கடை இன்னும் எட்டாத புறநகர்த் தெருக்கள், ஊருணியில் சாக்கடை விழுகிற கிராமங்கள், இவற்றுக்கு ஏழு எட்டு சென்ட் நிலம் ஒதுக்குவது கஷ்டமா? கண்மாயைச் சுற்றி நடைபாதைக் கல், வண்ண விளக்கு, செல்ஃபி எடுக்க ஒரு வளைவு என்று நிதி வருகிறது. கரைக்கு சிமெண்ட் பூசியதும் தவளை போய்விடும், தட்டான் போய்விடும். கொசுப் புழுவைத் தின்ன ஆளில்லாமல் போகும். வைகை அணைத் தண்ணீர் ஆவியாகாமல் காக்க 2017 ஏப்ரலில் தெர்மாகோல் அட்டையை மிதக்கவிட்டு, காற்று அதைக் கரைசேர்த்ததைப் பார்த்தவர்கள் நாம். அதற்குக்கூட அன்று அனுமதி கிடைத்தது. இங்கே வருடத்துக்கு ஒரு நாள் நாலு ஆள் கூலி கேட்டால் செலவுக் கணக்கில் 'தலைப்பு இல்லை' என்று ஃபைல் திரும்புகிறது.

வார்த்தை கொஞ்சம் தடித்துவிட்டது. பொறுத்துக்கொள்ளுங்கள்.

உடனடியாகச் செய்ய வேண்டியது: கரையில் குவித்திருக்கும் தூர்களை லாரியில் ஏற்றாதீர்கள். அந்தக் கிழங்குகளில் இன்னும் உயிர் இருக்கிறது. ஈரச்சாக்கு போட்டு மூடி, காலை மாலை தண்ணீர் தெளித்தால் சில நாள் தாங்கும். இரண்டு மூன்று கணு உள்ள துண்டுகளாக நறுக்கி நட்டால் புதுச் செடி வாங்கும் செலவே இல்லை. வண்டல் தொட்டியின் கசடை இந்த வாரமே எடுத்துவிட வேண்டும். ஜல்லியை அள்ளிய பின் லைனர் கிழிசலை ஆறு அங்குலம் மேல்படிய வெப்பத்தில் ஒட்ட வேண்டும். டேப் ஒட்டினால் நிற்காது. கழுவிய ஜல்லியைக் கரையிலிருந்தே சறுக்கிவிட வேண்டும், உள்ளே வண்டி கூடாது. நட்டு இரண்டு வாரம் கண்மாய்த் தண்ணீர், பிறகு பாதிக் கழிவுநீர், முழுப் பாரம் மூன்று மாதம் கழித்து. வேர் கீழே தேடிப் போகும்படி நீர்மட்டத்தை வாரா வாரம் கொஞ்சம் கொஞ்சமாக இறக்க வேண்டும். ஆடிப்பட்டம் தேடி விதை என்பது இதற்கும் பொருந்தும். ஆடியில் நட்டால் ஐப்பசி மழைக்குள் தூர் பிடித்துவிடும். ஆவணியும் தாண்டினால், பிடிக்காத தூரை மழை வெள்ளம் கொண்டுபோகும்.

பராமரிப்பு மாசியில் ஓர் அறுப்பு. அரிவாளால், ஜல்லிக்கு மேல் ஒரு சாண் விட்டு. பிடுங்கக் கூடாது. கண்மாய் ஓரத்தில் தண்ணீரில் நிற்கிற சம்பை நீர்மட்டத்துக்குக் கீழே அறுத்தாலும் செத்துவிடும். காய்ந்த தட்டைதான் கிழங்குக்கு மூச்சுக்குழல். ஒரு பாதியை அறுத்து ஆறு வாரம் விட்டு மறுபாதியை அறுத்தால் கூடு கட்டிய குருவிக்கும் இடம் இருக்கும். அறுத்த தட்டை மூடாக்குக்கு ஆகும். கோரையைப் பத்தமடைப் பாயாக நெய்கிற மாநிலத்தில் இதை எரித்துச் சாம்பலாக்க வேண்டியதில்லை.

ஆகவே, திரும்பவும் பணிவோடு கேட்கிறோம். படுகையைச் சொத்துப் பதிவேட்டில் ஏற்றுங்கள். 'களை அகற்றல்' என்ற தலைப்புக்குப் பக்கத்தில் 'நாணல் அறுப்பு மற்றும் வண்டல் தொட்டி பராமரிப்பு' என்று ஒரு தலைப்பு திறவுங்கள். இயந்திரம் இறங்கக் கூடாது என்ற உத்தரவின் நகல் ஒன்று எங்களுக்கும், ஒன்று காண்ட்ராக்டருக்கும் வேண்டும். புனரமைப்பு நாட்களில் கூட நின்று அளவும் முறையும் சொல்ல நாங்கள் தயார்; அதற்குக் கூலி கேட்க மாட்டோம்.

இப்படிக்கு,
கண்மாய்ப் பாசன விவசாயிகளும் நாணல் படுகைப் பராமரிப்புக் குழுவினரும்

பி.கு.: வெளிவாய்க் குழாயின் 110 மி.மீ. எல்போ குவியலுக்குள் எங்கோ கிடக்கிறது. உடையவில்லை என்று பார்த்தவர்கள் சொல்கிறார்கள். மண்ணோடு லோடு ஏற்றிவிடாமல் எடுத்து வைக்கச் சொல்லுங்கள்.