கிணற்றடி வாளியும் மீகடத்தி நாடாவும்

ஆசிரியர் அவர்களுக்கு,

கடந்த ஞாயிறு உங்கள் பத்திரிகையில் மீகடத்திகளைப் பற்றி, அதாவது போதிய அளவு குளிரவைத்தால் மின்தடையே இல்லாமல் மின்னைக் கடத்தும் பொருட்களைப் பற்றி, வந்த கட்டுரையை என்னிடம் படிக்கும் உயர்தரப் பிள்ளைகள் வெட்டிக்கொண்டு வந்தார்கள். குளிரூட்டும் செலவு குறைந்தால் செப்புக் கம்பிக்கு வேலையில்லை என்று முடித்திருந்தீர்கள். முப்பது வருடம் பௌதிகவியல் படிப்பித்த எனக்கு அதை அப்படியே விட மனமில்லை.

"சேர், 1987லேயே கண்டுபிடிச்சிட்டாங்களே, பிறகேன் இன்னும் இழுபடுது?" என்று கேட்டாள், மூதூரிலிருந்து பஸ்ஸில் வரும் ஒரு பிள்ளை. நல்ல கேள்வி. யிற்றியம், பேரியம், செப்பு, ஒட்சிசன் சேர்ந்த அந்தப் பீங்கான் சுமார் 93 கெல்வினிலேயே (பூச்சியத்துக்குக் கீழே சுமார் 180 பாகை செல்சியஸ்) மின்தடையை இழந்துவிடும். 77 கெல்வினில் கொதிக்கும் திரவ நைதரசனே போதும். பெரிய தலையிடி உள்ளே இருக்கும் பளிங்கு மணிகள்தான், அதாவது அணுக்கள் ஒரே ஒழுங்கில் அடுக்கிக் கிடக்கும் சின்னச் சின்னத் துண்டுகள்.

பிள்ளைகளைக் கிணற்றடிக்குக் கூட்டிப்போய், நாகம் (துத்தநாகம்) பூசிய பழைய வாளியை வெயிலில் சரித்துக் காட்டினேன். மேலே பூப்பூவாய்த் தெரிகிறதே, ஒவ்வொன்றும் ஒரு மணி. சரிக்கச் சரிக்க ஒன்று மின்னும், பக்கத்தில் உள்ளது கறுக்கும். ஒவ்வொன்றும் ஒவ்வொரு திசை பார்த்துக் கிடக்கிறது. செப்புக்குள்ளும் இப்படித்தான், ஆனால் அங்கே மின்னோட்டத்துக்கு அது பெரிய தடங்கலில்லை. இந்த மீகடத்தியில் இலத்திரன்கள் சோடி சேர்ந்து ஓடுகின்றன. ஒரு சோடியின் வீச்சு ஓரிரு நனோமீற்றர்தான், மணிகளின் எல்லையில் குழம்பிக் கிடக்கும் இடமும் ஏறக்குறைய அவ்வளவு. அதனால் சோடிக்கு அந்த எல்லையைத் தாண்டுவது கடினம். 1988இல் ஐபிஎம் என்ற அமெரிக்கக் கணினி நிறுவனத்தின் ஆய்வாளர்கள் இரண்டு மணிகளைத் தெரிந்த கோணத்தில் சேர்ந்து வளரவைத்து அளந்து பார்த்தார்கள். கோணம் கூடக் கூட, எல்லை தாங்கும் மின்னோட்டம் மளமளவென்று விழுந்தது. பத்துப் பாகை விலகினாலே நட்டம்தான்.

அதனால்தான் இதைச் செப்புப்போல் கம்பியாய் இழுக்க முடிவதில்லை. நிக்கல் கலப்புலோக நாடாவை உருட்டி, சூடாக்கி, அதன் மணிகளை ஒரே திசைக்குக் கொண்டுவருவது ஒரு வழி. அதன்மேல் மெல்லிய ஒட்சைட்டுப் படைகள், அதற்கும் மேல் ஓரிரு மைக்ரோமீற்றர் தடிப்பில் மீகடத்தி. அடிவரிசைக் கல்லை நூல் பிடித்து வைத்தால்தானே மதில் நேராய் எழும்பும்? இங்கே அந்த நூல் நூற்றுக்கணக்கான மீற்றருக்குப் பிசகக்கூடாது. விலையை ஏற்றுவதில் இந்த வேலைக்குப் பெரிய பங்குண்டு.

அடுத்த முறை இதற்கு ஒரு பந்தியாவது ஒதுக்குங்கள். அந்தப் பிள்ளை தன் வீட்டு வாளியின் பூக்களைப் படமெடுத்து அனுப்பியிருக்கிறாள். பிரசுரிப்பதாயின் அவளிடம் கேட்டு அனுப்பிவைக்கிறேன்.

ஓய்வுபெற்ற ஆசிரியர்,
உவர்மலை, திருகோணமலை.